தன் வழியைத் தானே அடைக்கும் வெந்நீர் ஊற்று: பாமுக்கலேயில் நிலநடுக்கத்தின் பங்கு என்ன?

கேள்வி – கல்லூற்று

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் துருக்கியின் தெனிஸ்லி நகரை அடுத்த பாமுக்கலேக்குச் சென்று வந்தேன். அப்பெயருக்குத் துருக்கி மொழியில் 'பருத்திக் கோட்டை' என்று பொருளாம். ஏறத்தாழ 200 மீட்டர் உயரமுள்ள சரிவில் வெண்ணிறச் சுண்ணப் பாத்திகள் படிப்படியாக இறங்குவதையும், அவற்றில் வெதுவெதுப்பான நீர் தேங்கி வழிவதையும் கண்டபோது அந்தப் பெயரின் பொருத்தம் விளங்கியது. மேலே ஹியராபோலிஸ் என்னும் பண்டைய நகரம் இடிந்து கிடக்கிறது. நிலநடுக்கத்தில் சாய்ந்த தூண்கள் கிடக்கும் வெந்நீர்க் குளத்தில் மக்கள் நீந்துகிறார்கள். நகரை இடித்ததும் ஊற்றை வாழவைப்பதும் ஒரே பிளவுதான் என்றார் எங்கள் வழிகாட்டி.

எனக்கு ஓர் ஐயம். வெந்நீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் உப்புப் படிவதைப் போல, இந்த நீர் தான் ஏறிவரும் வழியையே அடைத்துவிடாதா? அப்படியானால் ஊற்று எவ்வாறு இத்தனை ஆயிரம் ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது?

மறுமொழி – பாறைப்படி

அடைத்துவிடும் என்பதுதான் உண்மை. ஆனால் அடைபட்டது மீண்டும் மீண்டும் உடைகிறது.

பாமுக்கலே அமைந்துள்ள மேற்கு அனதோலியாவின், அதாவது துருக்கியின் மேற்குப் பகுதியின், நிலமேலோடு வடக்கு தெற்காக இழுபட்டு மெலிந்துகொண்டிருக்கிறது. அந்த இழுவிசையால் பாறை உடைந்து, ஒரு பக்கம் தாழ்ந்து பள்ளத்தாக்காகவும் மறுபக்கம் உயர்ந்து மலையாகவும் நிற்கிறது. அவ்வாறு உடைந்து நகர்ந்த இடத்தைத்தான் பெயர்ச்சிப் பிளவு என்கிறோம். மலையில் பெய்யும் மழை பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறுகிறது; ஆழத்திலிருந்து வரும் கரியமில வாயு அதில் கரைவதால் சற்றே அமிலத்தன்மை பெற்று, வழியிலுள்ள சுண்ணாம்புக்கல்லையும் பளிங்குக்கல்லையும் கரைத்துக்கொண்டு பிளவு வழியாக மேலேறுகிறது. நிலத்தின் மேல்மட்டத்தை நெருங்கும்போது அழுத்தம் குறைய, சோடாப் புட்டியைத் திறந்தாற்போல வாயு பிரிந்து வெளியேறுகிறது. வாயு போனபின் நீரால் சுண்ணத்தைத் தாங்கிவைத்திருக்க இயலாததால் அது கல்லாகப் படிகிறது. டிராவர்டைன் என்று கட்டடக்காரர்கள் சொல்லும் கல் இதுவே. பாத்தியின் விளிம்பில் நீர் மெல்லிய படலமாகச் சலசலத்து விழுவதால் அங்கே வாயு விரைவாகப் பிரிந்து, விளிம்பு மட்டும் அதிகமாக வளர்கிறது. பாத்திகள் உருவாவது அப்படித்தான்.

வாயு பிரிவது நிலத்துக்கு வெளியே மட்டும் நிகழ்வதன்று. கீழே, பிளவின் உட்சுவர்களிலும் சுண்ணம் பட்டை பட்டையாகப் படிந்து வழியைக் குறுக்குகிறது. பிளவில் அடுத்த அசைவு ஏற்படும்போது அந்த அடைப்பு உடைந்து புதிய இடைவெளி திறக்கிறது. அசைவு நின்றுவிட்ட பிளவில் உள்ள ஊற்று காலப்போக்கில் தன் கல்லாலேயே மூடுண்டு போகக்கூடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிளவின் நடுப்பகுதி அரைபட்டு நுண்மாவாகி நீரைத் தடுக்கும். அதன் இருமருங்கிலும் நொறுங்கிய பாறைதான் நீரைக் கடத்தும். ஆகவே வெந்நீர் ஊற்றுகள் பிளவின் நெடுகச் சீராக அமைவதில்லை. பிளவு முடியும் முனைகளிலும், இரு பிளவுகள் சந்திக்கும் இடங்களிலும், ஒன்று விலகி மற்றொன்று தொடங்கும் இடைவெளிகளிலும் குவிகின்றன. அங்கேதான் பாறையின் மீதான அழுத்தம் ஓயாமல் வெடிப்புகளைத் திறந்துவைக்கிறது.

மறுமொழி – நீர்மட்டம்

நண்பர் கூறியதோடு உடன்படுகிறேன். ஆயினும் நிலநடுக்கம் எப்போதும் ஊற்றைத் திறந்துவிடும் என்று கொண்டுவிடக் கூடாது.

திறந்துவிட்டதற்கு, வெந்நீர் ஊற்றுகள் நிறைந்த அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா தெளிவான சான்று. 1959 ஆகஸ்ட் 17 அன்று அதற்கு மேற்கே ஹெப்கன் ஏரிப் பகுதியில் 7.3 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன்பின் குறைந்தது 289 ஊற்றுகள் பீறிட்டெழுந்தன. அவற்றுள் 160 ஊற்றுகள் அதற்குமுன் பீறிட்டதாக எந்தப் பதிவும் இல்லை. அமைதியாக இருந்த சஃபயர் குளம் மிகுந்த வேகத்துடன் பொங்கி, தன்னைச் சுற்றியிருந்த பிஸ்கட் வடிவப் படிவுகளையே பெயர்த்தெறிந்தது. அங்கே ஊற்றுவாயில் படிவது சுண்ணம் அன்று, மணலில் உள்ள சிலிக்கா. சிலிக்கா சூடான நீரில் நன்றாகக் கரைந்து, நீர் ஆறும்போது படியும். சுண்ணமோ வாயு பிரியும்போது படியும். 2002 நவம்பரில் அலாஸ்காவின் தெனாலிப் பிளவில் 7.9 அளவில் ஏற்பட்ட நிலநடுக்கம்கூட, 3000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள யெல்லோஸ்டோன் ஊற்றுகள் சில பீறிடும் கால இடைவெளியை மாற்றியது.

மாறாக, ஜப்பானின் மட்சுயாமாவிலுள்ள தோகோ வெந்நீர் ஊற்று, 684ஆம் ஆண்டின் பெருநிலநடுக்கத்தில் வற்றியதாக நிஹோன் ஷோகி என்னும் பழைய வரலாற்று நூல் குறிப்பிடுகிறது. 1946இன் நான்காய் நிலநடுக்கத்திலும் அது நின்று, சில மாதங்களில் மீண்டது. நிலநடுக்கம் ஓரிடத்தின் பாறையை அமுக்கினால் நீர் மேலேறும். தளர்த்தினால் நீரழுத்தம் குறைந்து ஊற்று நின்றுபோகும். எந்த ஊற்று எப்படி நடந்துகொள்ளும் என்பது, நகர்ந்த பிளவுக்கு எந்தப் பக்கத்தில் அந்த ஊற்று இருக்கிறது என்பதையும் பொறுத்தது.

கல்லூற்று

இருவருக்கும் நன்றி. அப்படியானால் பிளவுக்குள் படிந்த பட்டைகளைக் கொண்டு பழைய நிலநடுக்கங்களின் காலத்தைக் கணக்கிட முடியுமா?

மறுமொழி – பாறைப்படி

ஓரளவுக்கு முடியும். யுரேனியம் நீரில் கரையும். தோரியம் ஏறக்குறைய கரையாது. ஆகவே புதிதாகப் படிந்த சுண்ணத்தில் யுரேனியம் இருக்கும், தோரியம் மிகக் குறைவாகவே இருக்கும். யுரேனியம் சிதைந்து பின்னர் உண்டான தோரியத்தின் அளவைக் கொண்டு படிவின் வயதைச் சில லட்சம் ஆண்டுகள் வரை அறியலாம். தெனிஸ்லிப் பகுதியில், உச்சியில் நீண்ட வெடிப்புடன் கூடிய டிராவர்டைன் மேடுகள் பல உள்ளன. அவற்றின் சரிவில் கிடைமட்டத்தை ஒட்டிய அடுக்குகளும் வெடிப்புக்குள் செங்குத்தான பட்டைகளும் காணப்படும். செங்குத்துப் பட்டை ஒன்று பழைய பட்டையை வெட்டிச் செல்லுமிடத்தில், வெடிப்பு மறுபடி திறந்தது என்று கொள்ளலாம்.

ஒவ்வொரு பட்டையையும் ஒரு நிலநடுக்கமாக எண்ணுவதில் எனக்கு உடன்பாடில்லை. மழை மிகுந்த காலத்தில் நீர்வரத்து கூடும், வறண்ட காலத்தில் குறையும். அதுவும் படிவில் தெரியும். மெல்ல மெல்ல நழுவும் பிளவும் வெடிப்பை அகலப்படுத்தும். பல மேடுகளில் ஒரே காலத்துப் பட்டைகள் கிடைத்தால்தான் நிலநடுக்கம் என்னும் ஊகம் வலுப்பெறும்.

ஹியராபோலிஸில் இதைவிடத் துல்லியமான ஓர் அளவுகோல் இருக்கிறது. இந்நகரத்து நீரை வாய்க்காலில் விட்டால் அது ஒற்றைக் கல்லாலான வேலியாகிவிடுகிறது என்று 2000 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கப் புவியியலாளர் ஸ்திராபோ எழுதினார். கல்லாகிப்போன அத்தகைய வாய்க்கால்களும் நகரத்துச் சுவர்களும் சில இடங்களில் பிளவால் வெட்டப்பட்டு விலகி நிற்கின்றன. விலகலை நேராக அளக்கலாம். சுவரின் காலம் கட்டடக் கலையால் தெரியும். மறுமுறை செல்லும்போது தூண்கள் கிடக்கும் குளத்தோடு நின்றுவிடாமல், இடிபாடுகளுக்கிடையே அந்த வாய்க்கால்களையும் தேடிப் பாருங்கள்.