டிரை ஃபிலிம் டெவலப்பரில் போட்டதும் மொத்தமாக உரிகிறது, ஏன்?

கேள்வி:
சர்க்யூட் போர்டு செய்ய, காப்பர் போர்டில் டிரை ஃபிலிம் (ஒளி பட்டால் மாறும் மெல்லிய படலம்) ஒட்டி யூவி விளக்கில் காட்டினேன். டிராக் (செம்பு நிற்க வேண்டிய கோடுகள்) எல்லாம் அடர் நீலமாகத் தெளிவாகவே விழுந்தது. டெவலப்பர் (வேண்டாத ஃபிலிமைக் கரைக்கும் மருந்து): 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் காஸ்டிக் சோடா. அரை நிமிடத்துக்குள் டிராக்கும் சேர்ந்து தோல் மாதிரி உரிந்து மிதக்கிறது. எக்ஸ்போஷர் (வெளிச்சம் காட்டியது) போதவில்லையா?

பதில் 1:
எக்ஸ்போஷரைக் குறை சொல்லாதீங்க, மருந்துதான் தப்பு. லிட்டருக்கு 7 முதல் 10 கிராம் காஸ்டிக் என்பது பாசிட்டிவ் கோட்டிங் (வெளிச்சம் பட்ட இடம் கரையும் பூச்சு) போர்டுக்கான கணக்கு. டிரை ஃபிலிம் நெகட்டிவ். வெளிச்சம் பட்ட இடம் இறுகும், படாத இடம் லேசான காரத்தில் கரையும். காஸ்டிக்கில் போட்டால் இறுகிய இடமும் ஊதிக் கிளம்பிவிடும். எட்சிங் (வேண்டாத செம்பை அரித்தெடுப்பது) முடிந்ததும் ஃபிலிமை உரிக்க அதையேதான் லிட்டருக்கு 30 கிராம் போடுகிறோம். அதனால் வாங்கியது வீணில்லை.

உங்களுக்கு வேண்டியது சோடியம் கார்பனேட், லிட்டருக்கு 10 கிராம், வெதுவெதுப்பாக 30 டிகிரி. ஃபிலிம் மேலிருக்கும் மைலாரை (பிளாஸ்டிக் காப்புத் தாள்) உரித்துவிட்டுப் போடுங்க, பலர் இதை மறந்துவிட்டு மருந்தைத் திட்டுவார்கள். மெல்லிய பிரஷால் தடவினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் செம்பு தெரியும். கழுவியதும் எட்சிங் மருந்தான ஃபெரிக் குளோரைடில் 5 விநாடி முக்கி எடுங்க. செம்பு மங்கிய ரோஜா நிறமானால் சுத்தம். எங்காவது பளபளப்பு மிஞ்சினால் அங்கே ஃபிலிம் படலம் இருக்கிறது, திரும்ப டெவலப்பரில் விடுங்க.

கேட்டவர்:
சோடியம் கார்பனேட் கிடைக்கவில்லை. சலவை சோடாவோ ஆப்ப சோடாவோ ஆகுமா?

பதில் 2:
சலவை சோடா அதேதான், ஆனால் எடை மாறும். மேலே சொன்ன 10 கிராம் நீரற்ற பொடிக்கு. கண்ணாடிக் கல் போல இருக்கும் படிகமென்றால் 27 கிராம். திறந்து வைத்துப் பொடிந்த படிகம் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கும், அதை நம்பி அளக்காதீங்க.

ஆப்ப சோடா பைகார்பனேட், அப்படியே போட்டால் ஃபிலிம் அசையாது. எவர்சில்வர் தட்டில் பரப்பி 200 டிகிரி அவனில் ஒரு மணி நேரம் வையுங்க. 100 கிராம் 63 கிராமாக இறங்கினால் முழுதும் கார்பனேட் ஆகிவிட்டது. அலுமினியத் தட்டு கூடாது, காரம் அரிக்கும்.

பதில் 3:
போர்வெல் தண்ணீரில் கலந்தால் சுண்ணாம்பு பிரிந்து பால் போலக் கலங்கும். கலக்க ஆர்ஓ தண்ணீர் எடுங்க. கழுவ மட்டும் அந்த போர்வெல் தண்ணீரே மேல், கடினநீரில் ஃபிலிமின் ஓரம் இன்னும் கெட்டியாக நிற்கும்.

மிச்ச காஸ்டிக்கை எச்டிபிஇ பிளாஸ்டிக் பாட்டிலில் இறுக மூடி வையுங்க. குடிநீர் பெட் பாட்டிலை அது தின்றுவிடும். காற்று பட்டால் கரியமில வாயுவை இழுத்துக் கார்பனேட்டாக மாறி வலுவிழக்கும். கரைக்கும்போது குளிர்ந்த தண்ணீரில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடணும். காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். கண்ணில் பட்டால் குழாய்த் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் விடாமல் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு பண்ணுங்க. எலுமிச்சை, வினிகர் எதுவும் ஊற்றாதீங்க.