கனடாவில் வேலைக்குச் சேர்ந்தாச்சா? எல்லாவற்றுக்கும் "ஓகே ஓகே" போடுவதை முதலில் நிறுத்துங்கள்

புதிதாக வந்து வேலையில் சேர்ந்தவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: இங்கிலீஷ் நன்றாக வர எந்தப் புத்தகம் படிக்கலாம்? எதுவும் வேண்டாம். ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் என்ற குடியேற்றத் திட்டம் வழியாக, ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதி வந்தவர் என்றால் கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது நான்கிலும் குறைந்தது 6 வாங்கித்தான் வந்திருப்பீர்கள், குடியேற்றத்துக்குப் பாயின்ட் போதாமல் திரும்ப எழுதி லிசனிங்கில் 8, மற்றதில் 7 என்று வாங்கியவர்களும் நிறைய. அப்படிப்பட்டவருக்கே பிரேக் ரூமில் நாலு பேர் சேர்ந்து பேசினால் பாதி புரியாது. பரீட்சையில் தெளிவாகப் பேசுவார்கள், இங்கே மாஸ்க் போட்டுக்கொண்டு, ஃபோர்க்லிஃப்ட் சத்தத்துக்கு நடுவில், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பேசுவார்கள்.

புரியாதது பிரச்சினையே இல்லை. புரியாதபோது தலையை ஆட்டி "ஓகே ஓகே" என்று சொல்லிவிடுவதுதான் பிரச்சினை. பெரியவர்களிடம் திருப்பிக் கேட்டால் மரியாதைக் குறைவு, கேட்டால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்கள் என்ற இரண்டும் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. இங்கே சூப்பர்வைசர் அதை அப்படிப் பார்ப்பதில்லை. ஓகே சொன்னால் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார், மாலையில் வேலை தப்பாகியிருந்தால் "அப்புறம் ஏன் ஓகே சொன்னாய்" என்றுதான் கேட்பார்.

திருப்பிக் கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "ரிப்பீட் ப்ளீஸ்" என்று மொத்தத்தையும் கேட்டால் அவர் அதே வேகத்தில் அதையே சொல்வார், உங்களுக்கு அதே இடத்தில்தான் மறுபடி விட்டுப்போகும். விட்டுப்போன துண்டை மட்டும் கேளுங்கள்: "ஐ காட் த டாக் நம்பர், பட் ஐ மிஸ்ட் த டைம்." (டாக் என்றால் லாரியில் சரக்கு ஏற்றி இறக்கும் இடம்.) இல்லையென்றால் புரிந்ததை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள்: "ஸோ, ஐ ஃபினிஷ் திஸ் ஸ்கிட் ஃபர்ஸ்ட், தென் கோ டு டாக் ஃபைவ், ரைட்?" (ஸ்கிட் என்றால் சரக்கு அடுக்கும் பலகை.) விமானிகளும் நர்ஸ்களும்கூட வேலையில் இப்படித் திருப்பிச் சொல்லித்தான் உறுதிப்படுத்திக்கொள்கிறார்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஃபேக்டரி, வேர்ஹவுஸ் வேலைக்குப் போகிறவர்கள் இந்த வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "ஐ ஹேவ்ன்ட் பீன் டிரெயின்ட் ஆன் திஸ் யெட்." ஒன்டாரியோவின் தொழில் பாதுகாப்புச் சட்டப்படி வேலையில் என்ன ஆபத்து இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமையும், ஆபத்தான வேலையைச் செய்ய மறுக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்தியதற்காக வேலையை விட்டு எடுப்பதோ தண்டிப்பதோ சட்டவிரோதம். ஆனால் வாயைத் திறந்து சொன்னால்தான் அந்த உரிமை வேலை செய்யும், தெரியாத மெஷின் முன்னால் சிரித்துக்கொண்டு நின்றால் செய்யாது.

ஆபீஸ் பக்கம் வேறு மாதிரி. இங்கே மேனேஜர்கள் உத்தரவை உத்தரவு மாதிரி சொல்லவே மாட்டார்கள். "வென் யூ கெட் எ சான்ஸ்", "யூ மைட் வாண்ட் டு டேக் எ லுக்" என்றெல்லாம் வரும். நேரம் கிடைத்தால் பார்க்கலாம் என்று ஓரமாக வைத்துவிடாதீர்கள், பெரும்பாலும் அது "செய்து முடி" என்றுதான் அர்த்தம். எப்போது வேண்டும் என்று புரியாவிட்டால் நீங்களே ஒரு நேரம் சொல்லிவிடுங்கள்: "இஸ் எண்ட் ஆஃப் டே ஓகே?" சரி என்றால் சரி, அவசரம் என்றால் அப்போதே சொல்லிவிடுவார்.

இதே விஷயம் நாம் கேட்கும்போதும் இருக்கிறது. தமிழில் "அனுப்புங்க" என்றால் அந்த "ங்க"விலேயே மரியாதை வந்துவிடுகிறது. அதே நினைப்பில் "ப்ளீஸ் சென்ட் த ஃபைல்" என்று எழுதுகிறோம், எதிராளிக்கு அதிகாரம் செய்வது போல இருக்கிறது. இங்கிலீஷில் மரியாதை பெரும்பாலும் கேள்வி வடிவத்தில்தான் வரும், அதனால் "குட் யூ சென்ட் மீ த ஃபைல்?" என்று கேளுங்கள். "சார், மேடம்" மட்டும் சக ஊழியர்களிடமும் மேனேஜரிடமும் வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பத்தில் நாக்கு கூசும், பழகிவிடும்.

நம்மவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இன்னொரு இடம்: "டிட்ன்ட் யூ லாக் த கேட்?" பூட்டவில்லை என்றால் நாம் "ஆமா, பூட்டல" என்கிற கணக்கில் "எஸ்" என்போம், கேட்டவர் பூட்டிவிட்டான் என்று போய்விடுவார். எஸ், நோ இரண்டையும் விட்டுவிட்டு "ஐ டிட்", "ஐ டிட்ன்ட்" என்று மட்டும் சொல்லுங்கள், குழப்பமே வராது.

உச்சரிப்பைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். மூக்கால் பேசி கனடாக்காரர் போல நடிப்பது காதுக்குக் கொடுமை, புரிவதும் குறைந்துவிடும். வேகத்தைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது. எண்களில் மட்டும் கவனம் வேண்டும். "டபுள் த்ரீ" என்பதற்குப் பதில் "த்ரீ த்ரீ" என்று சொல்லுங்கள். ஃபோன் நம்பரை மூன்று, மூன்று, நாலாகப் பிரியுங்கள். ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா என்று அவர் தடுமாறினால் "ஒன் ஃபைவ்" என்று விடுங்கள். தேதி 3/4 என்று எழுதினால் மார்ச்சா ஏப்ரலா என்று யாருக்கும் தெரியாது, மாதத்தின் பெயரையே எழுதிவிடுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குத் தமிழ் மேசையிலேயே தினமும் உட்காராதீர்கள். தமிழர்கள் நிறைய இருக்கும் ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் வேலை என்றால் நாள் முழுக்கத் தமிழிலேயே ஓட்டிவிடலாம், சுகமாகத்தான் இருக்கும், ஆனால் லீட் ஹேண்ட் (குழுவை நடத்துபவர்) வேலை காலியாகும்போது உங்கள் பெயர் யாருக்கும் ஞாபகம் வராது. வாரத்தில் சில நாள் வேறு மேசை. பனி, ட்ராஃபிக், வீக்எண்ட், டொராண்டோ ஹாக்கி டீம் மேப்பிள் லீஃப்ஸ் தோற்றது, இவ்வளவு போதும் பேச. சம்பளம் எவ்வளவு, ஏன் இன்னும் குழந்தை இல்லை, இந்த இரண்டையும் ஊரோடு விட்டுவிடுங்கள்.

வகுப்பு வேண்டும் என்பவர்களுக்கு: புதிதாக பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) வாங்கியவர்களுக்கும் அகதி என்று ஏற்கப்பட்டவர்களுக்கும் மத்திய அரசின் லிங்க் (LINC) ஆங்கில வகுப்பு இலவசம். முதலில் உங்கள் நிலையைச் சோதித்து சிஎல்பி (கனடாவின் மொழித்திறன் அளவுகோல்) அளவு சொல்வார்கள், அது 1 முதல் 12 வரை. குடியுரிமை எடுத்துவிட்டால் லிங்க் கிடைக்காது, அதனால் தள்ளிப்போடாதீர்கள். குடியுரிமை விண்ணப்பத்துக்கே 18 முதல் 54 வயது வரை பேசுவதிலும் கேட்பதிலும் சிஎல்பி 4 வேண்டும் என்பதால், வீட்டில் இருக்கும் மனைவியையோ கணவரையோ சேர்த்து அழைத்துப்போங்கள், சில மையங்களில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் உண்டு. அகதிக் கோரிக்கை இன்னும் முடியாதவர்கள் ஒன்டாரியோ ஸ்கூல் போர்டுகள் நடத்தும் ஈஎஸ்எல் (ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கான) வகுப்பைக் கேளுங்கள். டொராண்டோ பொது நூலகக் கிளைகளில் இங்கிலீஷ் பேசிப் பழகும் வட்டங்கள் நடக்கின்றன, கட்டணம் இல்லை. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்று தெரியாவிட்டால் 211 என்ற சமூகச் சேவைத் தகவல் எண்ணுக்கு ஃபோன் போடுங்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் தமிழிலேயே பேசலாம்.