ஹைப்ரிட் (பெட்ரோல் இஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த) காரில் பெட்ரோல் திடீரென அதிகம் செலவாகிறது, உதவுங்கள்

செங்காங்_குமரன்:
அவசரம். லிட்டருக்கு 20 கி.மீ. ஓடிய வண்டி இப்போது 15தான் ஓடுகிறது. சிங்கப்பூர் வெயில் காரணமா, பேட்டரி போய்விட்டதா? புது பேட்டரி போட வசதியில்லை.

தெம்பனிஸ்_மணி:
எந்த வண்டி, எந்த ஆண்டு? ஏர்கான் எத்தனை டிகிரி? திரையில் காட்டும் கணக்கா, பெட்ரோல் நிரப்பிப் பார்த்த கணக்கா?

ஈசூன்_ராஜா:
தம்பி, டயரில் காற்று எவ்வளவு? காற்றுக் குறைந்தால் பெட்ரோல் குடிக்கும். மழைநீர் தேங்கிய சாலையில் இன்னும் குடிக்கும்.

பழைய_மெக்கானிக்:
இதைப் பலமுறை எழுதிவிட்டேன், யாரும் தேடிப் படிப்பதில்லை. பெரும்பாலான ஹைப்ரிட் வண்டிகளில் ஏர்கான் கம்ப்ரசர் பேட்டரி மின்சாரத்தில் ஓடுவது. மத்திய விரைவுச்சாலை நெரிசலில் வண்டி நின்றாலும் அது பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். பேட்டரி இறங்கினால் அதைச் சார்ஜ் செய்ய இஞ்சின் ஓடத் தொடங்கும். 25 டிகிரி வைத்து, உள்காற்றே சுழலும்படி விடுங்கள். இது அரிச்சுவடி.

செங்காங்_குமரன்:
ஏழு பேர் அமரும் வண்டி, 2018. ஏர்கான் 18. பின்னிருக்கைப் பக்கம் விசிறி இரைகிறது, அது வேறு விஷயம் என நினைக்கிறேன்.

தெம்பனிஸ்_மணி:
அதுதானே முக்கியம்! பல ஹைப்ரிட் வண்டிகளில் பேட்டரிக்குக் காற்று போகும் துளை பின்னிருக்கை ஓரத்தில் இருக்கும். காருக்குள் இருக்கும் குளிர்ந்த காற்றை இழுத்துத்தான் பேட்டரி சூடு தணிகிறது. அந்தத் துளையின் சல்லடையில் பஞ்சும் தலைமுடியும் அடைத்துக்கொண்டால் விசிறி இரையும், பேட்டரியின் உதவி குறையும், இஞ்சினுக்கு வேலை கூடும். அதனால் வெயிலில் ஏர்கானை அடியோடு அணைப்பதும் நல்லதல்ல. பை, துணி எதையும் அங்கே வைக்காதீர்கள்.

உட்லண்ட்ஸ்_செல்வி:
பள்ளி வாசலில் ஏர்கானோடு காத்திருக்கிறீர்களா? அதிலும் பெட்ரோல் போகும். நிறுத்திய வண்டியில் இஞ்சினை ஓடவிடுவது இங்கே குற்றம்.

ஈசூன்_ராஜா:
ஹைப்ரிட்டில் இஞ்சின் அணைந்துதானே இருக்கிறது, எப்படிக் குற்றமாகும்?

உட்லண்ட்ஸ்_செல்வி:
பேட்டரி இறங்கியதும் தானாக ஓடுகிறதே அண்ணே! பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள்தான் அந்தப் புகையைச் சுவாசிக்கிறார்கள்.

பழைய_மெக்கானிக்:
செல்வி சொல்வது சரி. நெரிசலில் நிற்பதற்குத்தான் விலக்கு உண்டு, காத்திருப்பதற்கு இல்லை.

ஈசூன்_ராஜா:
முப்பது டிகிரிக்கு மேல் வெயில். கைக்குழந்தையோடு காத்திருப்பவர் என்னதான் செய்வது?

உட்லண்ட்ஸ்_செல்வி:
வண்டியைப் பூட்டிவிட்டு அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் உட்காரலாம். அங்கே காற்று வரும்.

செங்காங்_குமரன்:
சல்லடை முழுக்கத் தூசி. எடுத்துச் சுத்தம் செய்ததும் இரைச்சல் நின்றது. ஏர்கான் இப்போது 25. கணக்கை அடுத்த முறை பெட்ரோல் நிரப்பும்போது பார்க்கிறேன். மணி அண்ணனுக்கு நன்றி.

ஈசூன்_ராஜா:
டயரில் காற்று எவ்வளவு என்று சொல்லவில்லையே தம்பி?