டிராவல் டிரெய்லரில் கழிவுநீர் ஹோஸை எங்கே வைக்கிறீர்கள்?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். டெக்சாஸில் இருக்கிறோம், போன மாதம் 24 அடி டிராவல் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும், படுக்கை, கழிவறை எல்லாம் உள்ள சின்ன வீடு) ஒன்றைப் பழையதாக வாங்கினோம். கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் 3 அங்குல ஹோஸை வைக்கத்தான் சரியான இடம் இல்லை. பின்னால் இருக்கும், உள்ளே வெற்றான 4 அங்குல சதுர பம்பருக்குள் ஹோஸ் நுழைகிறது, ஆனால் வால்வில் முறுக்கி மாட்டுகிற முனை அகலமாக இருப்பதால் அது உள்ளே போகாது, ஒவ்வொரு தடவையும் அதைக் கழற்ற வேண்டியிருக்கிறது, கையுறை போட்டிருந்தாலும் அந்த வேலை எனக்குப் பிடிக்கவே இல்லை. ஈரம் தங்கி பம்பர் உள்ளே துருப்பிடிக்கவும் ஆரம்பித்துவிட்டது.

இப்போதைக்கு அலசிவிட்டு, இரு முனையையும் மூடி, பிளாஸ்டிக் பெட்டியில் தனியாக வைக்கிறேன். குடிநீர் ஹோஸ் பக்கத்தில் மட்டும் வைக்கவே மாட்டேன், கூடவே சின்னக் குழந்தை வருகிறது.

வேலிக்கு நடும், உள்ளே வெற்றான 5 அங்குல வினைல் (பிளாஸ்டிக்) கம்பத்தை வாங்கி, ஹோஸை அதற்குள் வைக்க, இரு பக்கமும் மூடி போட்டு, டிரெய்லருக்கு அடியில் இரும்புச் சட்டத்தோடு கட்டலாம் என்று நினைக்கிறேன். யாராவது செய்திருக்கிறீர்களா? எதை வைத்துக் கட்டினீர்கள், நெடுஞ்சாலை வேகத்தில் ஆடாமல் நிற்கிறதா, தண்ணீர் வடியத் துளை எங்கே போட்டீர்கள்? அப்புறம், மூடி வழியில் கழன்று விழாமல் இருக்க என்ன செய்தீர்கள்? படம் இருந்தால் போடுங்கள், அடுத்த வாரம் கிளம்புகிறோம்.