மோட்டார் ஓம்ஸ் ரெண்டு எடத்துல ஒண்ணா வருது, ஒண்ணு மட்டும் டபுள், காயில் போச்சா?

புது_ஃபிட்டர்:
3 ஃபேஸ் 5 எச்பி மோட்டார், டெல்டா கனெக்சன் (மூணு காயிலும் முக்கோணமா சேர்ந்தது). வெறுமனே ஓடுது, லோடு குடுத்தா கொஞ்ச நேரத்துல ஓவர்லோட் ரிலே (கரண்ட் ஜாஸ்தியானா மோட்டாரை நிறுத்துறது) ட்ரிப் ஆயிடுது, க்ளாம்ப் மீட்டர்ல யூ, வி, டபிள்யூ மூணு லைன்ல டபிள்யூல மட்டும் ஆம்ப்ஸ் அதிகம். சப்ளை வயரை கழட்டிட்டு மல்டிமீட்டர்ல பார்த்தேன், யூ-வி 6.9 ஓம்ஸ், மத்த ரெண்டும் 3.6. பாடிக்கு வச்சா ஒண்ணும் காட்டல. ரீவைண்டிங் பண்றவர் பார்க்காமலே காயில் போச்சு கொண்டு வாங்கங்கறார், நெஜமாவா?

ஓம்ஸ்_பைத்தியம்:
முதல்ல ப்ரோப் ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு முட்ட வச்சு என்ன காட்டுதுனு பாருங்க, 0.3 வந்தா கழிச்சிடுங்க, 6.6, 3.3, 3.3, அதாவது கரெக்டா டபுள். நல்ல டெல்டால எந்த ரெண்டு டெர்மினல்ல வச்சாலும் ஒரு காயிலுக்கு பேரலலா மத்த ரெண்டும் சீரிஸ்ல வரும், அதனால ஒரு காயில் ஓம்ஸ்ல மூணுல ரெண்டு பங்குதான் காட்டணும், உங்க மோட்டாருக்கு மூணு எடத்துலயும் 2.2. அப்படி வராம ஒண்ணு மட்டும் டபுள்னா, யூ-விக்கு நடுவுல ஓபன், அதாவது எங்கயோ விட்டுப்போச்சு. ஆனா காயில்தான் ஓபன்னு இப்பவே சொல்ல முடியாது, காயில் முனைகளை இணைக்கிற லிங்க் பட்டையெல்லாம் கழட்டிட்டு யூ1-யூ2, வி1-வி2, டபிள்யூ1-டபிள்யூ2 தனித்தனியா அளந்து போடுங்க.

மெகர்காரன்:
பாடிக்கு ஒண்ணும் காட்டலைனு நிம்மதியா இருக்காதீங்க, மல்டிமீட்டர் சில வோல்ட்ல பார்க்குது, அதுல இன்சுலேஷன் பத்தி ஒண்ணும் தெரியாது. 500 வோல்ட் மெகர் (அதிக வோல்ட் குடுத்து இன்சுலேஷன் பார்க்குற மீட்டர்) போடுங்க, 5 மெகாஓம்க்கு கீழ வந்தா காய வச்சு மறுபடி பாருங்க. இன்னொண்ணு, மூணு காயிலும் சமமா வந்தாலும் நல்ல மோட்டார்னு அர்த்தம் இல்ல, ஒண்ணு ரெண்டு சுத்து ஷார்ட் ஆனதெல்லாம் இந்த மீட்டர்ல சிக்காது, அதுக்கு காயிலுக்கு அதிக வோல்ட் பல்ஸ் குடுத்து பார்க்குற சர்ஜ் டெஸ்ட்தான். ஆறின பிறகு அளங்க, செம்பு 10 டிகிரி சூடானாலே ஓம்ஸ் 4 சதவீதம் ஏறிடும்.

புது_ஃபிட்டர்:
ப்ரோப் 0.3தான் சார். லிங்க் கழட்டினா மூணு காயிலும் 3.6!! யூ2-வி1 பட்டை மட்டும் கருகிப்போய் நட்டு கையாலயே சுத்துது. மெகர்ல 80 மெகாஓம்.

ஓம்ஸ்_பைத்தியம்:
அப்போ காயில் போகல, அந்தப் பட்டைதான் ஓபன், ரீவைண்டிங்கை மறந்துடுங்க. பட்டை, வாஷர், நட்டு மூணும் புதுசு போடுங்க, ஸ்டட்ல கரிய சுரண்டிட்டு மரை தேஞ்சிருக்கானும் பார்த்துக்கோங்க. மாட்டின பிறகு மூணு எடத்துலயும் மீட்டர் 2.5 (2.2ம் ப்ரோப் 0.3ம்) காட்டணும், அது வராம சப்ளை குடுக்காதீங்க.