புதுப்பிப்பு: 1870-க்குப் பிறகு காணாமல் போன அயோவா பெண்மணி கிடைத்துவிட்டார்

என் மருமகளின் முப்பாட்டி, அமெரிக்க உள்நாட்டுப் போரில் கணவரை இழந்தவர், 1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு எங்குமே தென்படவில்லை என்று எழுதியிருந்தேன். உதவிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

‘அவரைத் தேடாதீர்கள், இறந்த கணவரின் ஓய்வூதியக் கோப்பைக் கேளுங்கள்’ என்ற யோசனைதான் பலித்தது. வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து நகல் வந்தது. அன்றைய சட்டப்படி, போரில் இறந்தவரின் விதவை மறுமணம் செய்தால் அவருடைய ஓய்வூதியம் நின்று, 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் போகும். பிள்ளைகளுக்கான அந்த மனுவில் 1871-இல் நடந்த மறுமணமும் புதிய குடும்பப்பெயரும் இருந்தன. அந்தப் பெயரில் தேடியதும் 1880 கணக்கெடுப்பில் அகப்பட்டார். குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று முதன்முதலில் குறித்தது அந்தக் கணக்கெடுப்புதான். அதனால் முதல் கணவரின் கடைசி மகன் கூடவே இருந்ததும் உறுதியானது.

1890 கணக்கெடுப்பின் பதிவுகளைத் தேடி அலைய வேண்டாம். 1921 தீ விபத்துக்குப் பின் அவற்றில் மிகச் சிலவே மிஞ்சின. அயோவாவுக்கு 1885, 1895 மாநிலக் கணக்கெடுப்புகள் கைகொடுக்கும்.

எதிர்பாராதது ஒன்று. ஓய்வூதிய மனுவில் அவருடைய கையெழுத்துக்குப் பதிலாக, எழுதத் தெரியாதவர்கள் போடுவதுபோல், நடுங்கிய ஒரு பெருக்கல் குறி. 1900 கணக்கெடுப்பிலோ ‘எழுதத் தெரியும்’ என்றிருக்கிறது! அந்த வரியை மருமகள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அதே வரியில், பெற்ற பிள்ளைகள் 7, உயிருடன் 4. எங்களுக்கு ஐவரைத்தான் தெரியும். மற்ற இருவரையும் கல்லறைப் பதிவுகளில் தேடிக்கொண்டிருக்கிறோம்.