மிர்ரர் அடித்ததும் வந்த வினைகள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோட்டுச்சித்தன்:

பாதியை வரைந்து மிர்ரர் (கண்ணாடிப் பிம்பம் எடுக்கும் கட்டளை) கொடுத்தால் மீதி தானாக வந்துவிடும், வேலை பாதியாகக் குறையும் என்றுதான் கேட் (கணினி வரைபட) வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பொய் இல்லை. ஆனால் காப்பி வேறு, மிர்ரர் வேறு. காப்பி அடித்தால் அதே பொருள் இன்னொன்று கிடைக்கும். மிர்ரர் அடித்தால் அதன் எதிர்க்கைப் பொருள் கிடைக்கும். இடது செருப்பை எப்படித் திருப்பினாலும் வலது காலுக்கு ஆகாதே, அந்தக் கதைதான். திரையில் இது உறைக்காது, பட்டறையில் உறைக்கும்.

நான் பார்த்ததை முதலில் சொல்கிறேன். சரிபார்க்கச் சொல்லி ஒரு அசெம்பிளி (பல பாகங்களைச் சேர்த்த மாடல்) வந்தது. இடப்பக்க யூனிட்டை மொத்தமாகப் பிடித்து வலப்பக்கத்துக்கு மிர்ரர் செய்திருந்தார்கள். தகடுகள், ஹவுசிங், வெல்டிங் ஃபிரேம் எல்லாம் கச்சிதம். பார்ட்ஸ் லிஸ்ட்டுக்கு வந்தால் எம்8 ஆலன் போல்ட் இரண்டு வரியில் இருக்கிறது. ஒன்று வழக்கமான பெயர், இன்னொன்று அதே பெயரோடு 'மிர்ரர்' என்ற ஒட்டு. திறந்து ஜூம் செய்தால், அழகுக்காக யாரோ ஹீலிக்ஸ் (சுருள்) போட்டு திரெட்டை (மரையை) நிஜமாகவே வெட்டிய மாடல். சாஃப்ட்வேருக்கு அது போல்ட் என்று தெரியுமா என்ன? சொன்னபடி பிம்பம் எடுத்து, சுத்தமான லெஃப்ட் திரெட் (எதிர்ப்பக்கம் சுற்றும் மரை) போல்ட் ஒன்றைச் செய்து வைத்திருந்தது. காஸ்மெட்டிக் திரெட்டாக (நிஜமாக வெட்டாமல் குறி மட்டும் போட்டதாக) இருந்திருந்தால் சுருளே தெரிந்திருக்காது, அந்த இரண்டாவது வரி மட்டும் சத்தமில்லாமல் பர்ச்சேஸ் வரை போயிருக்கும்.

சாலிட்வொர்க்ஸ் 3டி மென்பொருளில் மிர்ரர் காம்பொனென்ட்ஸ் கொடுக்கும்போது பாகம் பாகமாக முடிவு செய்ய வழி இருக்கிறது: இதே பாகத்தைத் திருப்பி அந்தப் பக்கம் வைப்பதா, எதிர்க்கைப் பாகமாகப் புதிதாக உருவாக்குவதா? போல்ட், பேரிங், மோட்டார், சிலிண்டர் என்று வெளியில் வாங்குகிற எதற்கும் முதல் வழிதான். அந்த இடத்தில் அவசரப்பட்டு 'நெக்ஸ்ட்' தட்டுகிறவர்கள்தான் அதிகம்.

தகடுவேலை:

சித்தன் சார் சொன்னதுக்கு நேர் எதிர்க் கூத்தும் நடக்குது. ஒரு டிசைன் ஆபீஸ்லருந்து பிராக்கெட் இடது, பிராக்கெட் வலதுன்னு தனித்தனி டிராயிங், தனித்தனி நம்பர். பார்த்தா எல் வளைவு, ஓட்டையெல்லாம் நடுக்கோட்டுக்கு ரெண்டு பக்கமும் சமம். ஒண்ணை எடுத்து அப்படியே சுத்தி வெச்சா இன்னொண்ணு. பாகத்துக்குள்ளேயே சமச்சீரா ஒரு தளம் இருந்துட்டா அதோட பிம்பமும் அதேதான், ரெண்டாவது நம்பர் எதுக்கு? ஸ்டோர்ல ரெண்டு பெட்டி, ரெண்டு லேபிள், அதுல ஒண்ணு எப்பவும் காலி.

நிஜமான இடது வலது வரும்போது ஒரு சூட்சுமம் இருக்கு. வளைக்கிறதுக்கு முன்னாடி தட்டையா இருக்கிற விரிப்புல ரெண்டுக்கும் ஒரே வெட்டுதான். லேசர் கட்டிங்குக்கு ஒரே டிஎக்ஸ்எஃப் ஃபைல் கொடுத்துடலாம். பிரெஸ் பிரேக்ல (தகடு மடக்குற மெஷின்ல) அப்படியே போட்டு மடக்கினா இடது, புரட்டிப் போட்டு மடக்கினா வலது. அருமையா இருக்கும், தகடு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற வரைக்கும். ஒரு பக்கம் பாலிஷ், மேல பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டின ஸ்டெயின்லெஸ் ஷீட்டுன்னா புரட்டினதும் பாலிஷ் உள்ளே போயிடும், சொரசொரப்பு வெளியே வந்துடும். அங்கே விரிப்பையே மிர்ரர் பண்ணி ரெண்டு ஃபைலா வெட்டித்தான் ஆகணும். கவுன்டர்சிங்க் ஓட்டை (ஸ்க்ரூ தலை உள்ளே உட்கார ஒரு பக்கம் மட்டும் சரிவா குடைஞ்சது) இருந்தாலும் அப்படியே. இதை டிராயிங்ல ஒரு வரி எழுதிட்டா போதும், 'பாலிஷ் வெளிப்பக்கம்'னு. எழுதறதில்லை.

புதுமுகம்:

நான் இன்னும் 2டி தாண்டவில்லை. ஆட்டோகேட்டில் எம்ஐ (மிர்ரர் கட்டளை) கொடுத்தால் எழுத்தெல்லாம் ஆம்புலன்ஸ் முகப்பில் இருப்பது போல் திரும்பிவிடுகிறது. சில ஃபைலில் ஒழுங்காக இருக்கிறது, சிலவற்றில் இல்லை. ஏன்?

கோட்டுச்சித்தன்:

மிர்டெக்ஸ்ட் (MIRRTEXT) என்று டைப் செய்து 0 கொடுங்கள். 1 இருந்தால் எழுத்தும் பிம்பமாகும், 0 என்றால் இடம் மட்டும் மாறும், எழுத்து நேராக நிற்கும். அந்த மதிப்பு ஃபைலோடு சேர்ந்தே சேமிக்கப்படுவதால்தான் உங்களுக்கு ஃபைலுக்கு ஃபைல் வேறுபடுகிறது. ஹேட்ச்சுக்கும் (கோடு நிரப்பிய பகுதிக்கும்) இதேபோல மிர்ஹேட்ச் (MIRRHATCH) உண்டு.

பிளாக்குக்குள் (ஒரே பொருளாகச் சேர்த்து வைத்த தொகுப்புக்குள்) இருக்கும் சாதாரண எழுத்து மட்டும் இந்த 0-க்குக் கட்டுப்படாது, பிளாக்கோடு சேர்ந்து திரும்பத்தான் செய்யும். அதை ஆட்ரிபியூட்டாக (பிளாக்கில் மாற்றி நிரப்பக்கூடிய எழுத்தாக) மாற்றி வைத்தால் கட்டுப்படும்.

மாடிப்படி:

கட்டட வேலையில் மிர்ரர் இல்லாமல் பிழைப்பே இல்லை. ரெவிட் மென்பொருளில் மிர்ரர் அச்சுக்கான கோடு ஏற்கெனவே இருந்தால் எம்எம், நாமே போட்டுக்கொள்வதென்றால் டிஎம், கை தானாகப் போகும். பொதுச்சுவரை அச்சாக வைத்து அடுத்த வீட்டை மிர்ரர் செய்வதற்கு நல்ல காரணமும் இருக்கிறது: இரண்டு வீட்டுக் குளியலறையும் முதுகோடு முதுகாக ஒட்டும், குழாய்களை ஒரே ஷாஃப்டில் இறக்கிவிடலாம்.

வில்லங்கமும் அந்தச் சுவரில்தான். சுவருக்குள் பதிக்கிற மிக்சர் குழாயில் (வெந்நீரும் தண்ணீரும் கலந்து தருவது) வெந்நீர் இடது, தண்ணீர் வலது என்று வாய் அமைந்து வருகிறது. பிம்பத்தில் அது இடம் மாறி நிற்கும். நாங்கள் பார்க்கப் போன ஒரு கட்டடத்தில் பிளம்பர் வரைபடத்தை நம்பி லைனை இழுத்திருந்தார். இந்த வீட்டில் சரி, அந்த வீட்டில் சிவப்புப் புள்ளிப் பக்கம் திருப்பினால் பச்சைத் தண்ணீர். டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு தெரிந்தது. அவர்மேல் என்ன தப்பு? வரைபடத்தில் இருந்ததைச் செய்தார். வெந்நீர் லைன் அந்தச் சுவருக்குள் குறுக்கே தாண்டிப் போக வேண்டும் என்பதை வரைந்தவர்தான் காட்டியிருக்க வேண்டும்.

கதவுக்கு வாருங்கள். வலக்கைக் கதவு இடக்கைக் கதவாகும், ஷெட்யூலில் (கதவுப் பட்டியலில்) எண்ணிக்கை பிரிய வேண்டும், பூட்டும் அதற்கேற்ப வர வேண்டும். சுவிட்ச் போர்டு கதவோடு சேர்ந்து மாறினால் பிரச்சினை இல்லை. எலக்ட்ரிக்கல் லேயர் ஆஃப் ஆகியிருந்த நேரத்தில் மிர்ரர் அடித்திருந்தால் போர்டு கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். இதைவிடப் பெரியது வெயில். வீட்டைத் திருப்பலாம், சூரியனைத் திருப்ப முடியாது. கிழக்கு ஜன்னல் வைத்துப் படுக்கையறை யோசித்திருப்போம், பிம்ப வீட்டில் அது மேற்கு ஜன்னல். இரண்டு வீட்டுக்கும் ஒரே சன்ஷேட் என்று விட்டுவிடக் கூடாது.

ஈயப்புகை:

பிசிபி (மின்சுற்றுப் பலகை) ஆட்களுக்கு இதெல்லாம் தினசரி. 8 பின் ஐசியை மேலிருந்து பார்த்தால் 1-லிருந்து இடஞ்சுழியாக எண்ண வேண்டும். ஃபுட்பிரின்ட்டை (ஐசி உட்காரும் பேட்களின் அமைப்பை) மிர்ரர் செய்தால் வலஞ்சுழியாகிவிடும். ஐசி பேடில் அழகாக உட்காரும், அதுதான் கொடுமை. 4-ல் கிரவுண்ட், 8-ல் சப்ளை இருக்கிற சிப் என்றால் இரண்டும் தப்பான காலுக்குப் போய்விடும். போர்டின் அடிப்பக்கம் கொண்டுபோக மிர்ரர் கூடாது, ஃபிளிப் செய்ய வேண்டும். கிகேட் மென்பொருளில் எஃப் அழுத்தினால் லேயரும் சேர்ந்து மாறும்.

வீட்டில் டோனர் டிரான்ஸ்ஃபர் (லேசர் பிரின்ட் மையைக் காப்பர் தகட்டுக்கு மாற்றுவது) செய்பவர்களுக்கு: அடிப்பக்கக் காப்பரை அப்படியே பிரின்ட் எடுங்கள், மேல்பக்கத்தை மட்டும் மிர்ரர் செய்யுங்கள். காப்பர் லேயரிலேயே ஓர் எழுத்தைப் போட்டு வையுங்கள். ஆசிடில் போடும் முன் தகட்டில் அதை நேராகப் படிக்க முடிந்தால் சரி.

புதுமுகம்:

அடுத்த மாதம் 3டி தொடங்குகிறேன். ஸ்கெட்ச்சிலேயே (2டி கோடுகளிலேயே) மிர்ரர் செய்துவிடலாமா, ஃபீச்சராகச் (3டி வடிவமாக) செய்ய வேண்டுமா?

தகடுவேலை:

முடிஞ்சவரைக்கும் ஃபீச்சர்ல பண்ணுங்க. ஸ்கெட்ச்ல ஒவ்வொரு கோட்டுக்கும் சிமெட்ரிக் ரிலேஷன் ஏறும், பின்னாடி ஒரு பக்கம் மட்டும் மாத்தணும்னா முடிச்சு அவிழ்க்கவே பொழுது போயிடும். பாகம் முழுக்கச் சமச்சீரா இருந்தா பாதியை முடிச்சு பாடியையே மிர்ரர் பண்ணி மெர்ஜ் பண்ணிடுங்க. நடுத்தளத்தைத் தாண்டி வர்ற ஃபில்லட்டை (முனை உருட்டலை) மட்டும் அதுக்கப்புறம் போடுங்க, இல்லேன்னா நடுவுல ஒரு தழும்பு நிக்கும்.